தப்பியவருக்கு ஓர் இலை

எட்டு வயது வரைக்கும் என் தாத்தாவை நான் அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தேன். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் மழைக்கு ஒதுங்கி முதுகு காட்டி நிற்கிற உயரமான ஆள் அவர்தான். ஆரியசாலையில் மூட்டை இறக்குகிற லாரிக்குள் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துக் கண் அயர்ந்திருப்பவர் அவர்தான். சங்குமுகத்தில் அலை காலைத் தொடாத தூரத்தில் தனியாக நடந்து போகிறவரும் அவரேதான். கிட்டே மட்டும் போய்விடக் கூடாது. போனால் முகம் தெரியும்; தெரிந்தால் அது வேறு யாரோ ஆகிவிடும். அதனால் தூரத்திலேயே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

என் கூடப் படித்தவர்களின் தாத்தாக்கள் ஒன்று செத்துப்போயிருந்தார்கள், இல்லையென்றால் கட்டிலில் கிடந்து இருமினார்கள். என் தாத்தா மட்டும் தப்பித்தவர். இரண்டாம் உலகப் போரில் லாரி ஓட்டப் போய், அங்கிருந்து தப்பித்து, இன்னும் வீடு வந்து சேராதவர். ‘இன்னும்’ என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டே எண்பது வருடத்தை ஓட்டிவிட்டோம்.

அவருக்கென்று எங்களுக்கு ஒரு நாள் உண்டு. நாலாம் ஓணம். ஊரே ஓணச் சாப்பாட்டில் களைத்துப்போய், மிஞ்சிய குழம்பைச் சுடவைத்துச் சாப்பிடுகிற நாள் அது. எங்கள் வீட்டில் மட்டும் அன்று புதிதாகப் பாயசம் வைப்போம். பருப்பு, வெல்லம், தேங்காய்ப்பால். எல்லோருக்கும் இலை போட்ட பிறகு கூடத்தின் கிழக்கு ஓரத்தில் ஓர் இலை கூடுதலாக விழும். தப்பியவருக்கு. அது திவசத்து இலை அல்ல. உயிரோடு இருக்கிற மனிதர் வந்து உட்காரப் போகிறார் என்பது போலத்தான் போட வேண்டும், உப்பிலிருந்து வரிசையாகப் பரிமாற வேண்டும், காக்காயைக் கூப்பிடவே கூடாது. கல்யாணமாகி வந்த புதிதில் என் அம்மா பழக்கதோஷத்தில் கொல்லைக் கதவைத் திறந்து ‘கா, கா’ என்று கூப்பிட்டுவிட்டாளாம். மாமியார் அடுத்த நாலாம் ஓணம் வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பாள். அம்மா எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இந்த மலையாளத்து ஊரின் கடைத்தெருவான ஆரியசாலையில் அரிசிக்கடை வைத்தது. சண்டை வந்து பர்மா அரிசி நின்றதும் கடையில் ஈ ஓட்டினார்கள். ஊர் மரச்சீனிக் கிழங்கைத் தின்று உயிர் வளர்த்தது. கடை லாரியும் சும்மா நின்றது. அதை ஓட்டிக்கொண்டிருந்த தாத்தாவுக்குச் சும்மா இருப்பது ஆகாது. பட்டாளத்துக்கு லாரி ஓட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போய்ப் பேரைக் கொடுத்துவிட்டு வந்துதான் வீட்டில் சொன்னாராம். அப்போது என் அப்பா பாட்டி வயிற்றில் ஏழு மாதம். அஸ்ஸாம் மலையில், பர்மா எல்லையைப் பார்க்க ரோடு போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு அனுப்பினார்கள். லாரிக்கு இரண்டு டிரைவர். இவருக்குச் சோடியாக வாய்த்தவர் நெடுமங்காட்டைச் சேர்ந்த ஒரு மலையாளி, இவரைவிட இரண்டு மூன்று வயது இளையவர்.

நான்கு கடிதங்கள் வந்தன. ஐந்தாவதாக வந்தது இங்கிலீஷில் அச்சடித்த ஒரு காகிதம். கோட்டைக்குள் அக்ரகாரத்துத் தெருவில் இருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா அதை வாசித்துவிட்டு, “காணோம்னு போட்டிருக்கு. போயிட்டார்னு போடலை” என்றார். அந்த இரண்டாவது வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு வீடு சில மாதம் மூச்சுவிட்டது.

பிறகு ஒரு நாலாம் ஓணத்தன்று, மத்தியான நேரத்தில், அந்த நெடுமங்காட்டுக்காரர் வந்து வாசலில் நின்றார். ஆண்கள் எல்லோரும் கடையில். வீட்டில் இருந்தது பாட்டியும் தவழ்கிற குழந்தையாக என் அப்பாவும்தான். அவளுக்கு அப்போது இருபது வயது. தாமிரபரணிக் கரையை விட்டு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மலையாளம் பேசினால் பாதி புரியும், மீதியைத் தலையாட்டிச் சமாளிப்பாள். வந்தவர் அழுதார். “தப்பி சேச்சி, குறே தப்பி…” என்றார். அவ்வளவுதான். மேற்கொண்டு அவரைப் பேச இவள் விட்டால்தானே! தப்பிவிட்டார்! “எம்பெருமானே!” என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடி, குழந்தையைத் தூக்கி வந்து அந்த மனிதரின் கையில் திணித்துவிட்டு, அடுப்பை மூட்டிப் பாயசம் வைத்தாள்.

தாத்தாவின் அண்ணன் சாயங்காலம் கடையிலிருந்து வந்தார். அவருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் சேதியை அவர் கேட்டது வந்தவரிடமிருந்து அல்ல, தம்பி மனைவியிடமிருந்து, சுத்தத் தமிழில். கேட்டதும் சந்தோஷத்துக்கு முன்னால் பயம் வந்துவிட்டது. பட்டாளத்திலிருந்து தப்புவது என்றால் சும்மாவா? பிடிபட்டால் ஜெயில், அதற்கு மேலும் இருக்கும். வந்தவரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இந்தப் பேச்சை இனி வெளியில் எடுக்கக் கூடாது, எங்களிடமும் எடுக்கக் கூடாது, குழந்தை மேல் ஆணை என்று வாக்கு வாங்கிக்கொண்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

இவ்வளவும் எங்கள் வீட்டில் மனப்பாடம். ‘தப்பி சேச்சி, குறே தப்பி’ என்ற சொற்களைக்கூட, அவர் விக்கிய இடத்தில் நாமும் விக்கி, ஓர் எழுத்து மாறாமல் காப்பாற்றி வைத்திருந்தோம்.

சண்டை முடிந்தது. தப்பியவர் வரவில்லை. சுதந்திரம் வந்தது, பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள், கடை கைமாறியது, அவர் வரவில்லை. ‘அவன் பர்மாவுல ஒருத்தியைக் கட்டிக்கிட்டுப் பிள்ளைகுட்டியோட இருக்கானாம்’ என்று ஆரியசாலையில் யாரோ கொளுத்திப் போட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? பாட்டி அதையும் கேட்டுக்கொண்டு, தாலியும் குங்குமமுமாக நிமிர்ந்து நடந்தாள். கண்ணை மூடும்வரை சுமங்கலி. கடைசியாக என் அப்பாவிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்.

“அவுக வர்ற வரைக்கும் இலையை நிறுத்திராத.”

அப்பா நிறுத்தவில்லை. ஆனால் அவர் இலை போடுகிற அழகைப் பார்த்திருக்க வேண்டும். வேண்டாத கடன்காரனுக்குப் போடுவதுபோல ஒரு வீச்சு. “வந்தா கொட்டிக்கிட்டுப் போகட்டும்” என்று ஒரு முணுமுணுப்பு. எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, தொடாத அந்த இலையை அவரே எடுத்துப் பசுமாட்டுக்குக் கொண்டுபோவார். மாட்டிடம் எதையோ பேசிக்கொண்டிருப்பார். ‘அப்பா’ என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. ‘அந்தத் தப்பிச்சவன்’ என்பார், அதுவும் நாலாம் ஓணத்தன்று மட்டும்.

எனக்கு வரம்போல வாய்த்த தாத்தா அவருக்குச் சாபம். இது எனக்கு உறைக்க வெகுகாலம் பிடித்தது. என் கல்யாணத்துக்கு மறுநாள் புறப்படும்போது அப்பாவின் காலைத் தொட்டேன். அவர் சம்பந்தமே இல்லாமல் சொன்னார்: “செத்துப்போன அப்பன்னா பிள்ளைக்கு ஒரு மரியாதை உண்டு மக்களே. எங்கப்பன் தப்பினது சண்டைகிட்டேருந்து இல்ல. என்கிட்டேருந்து.” புதுப்பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது? எனக்கு அன்று கோபம்தான் வந்தது. கார் கரமனைப் பாலம் தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது. பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நெடுமங்காட்டுக்காரர் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தார். வருடம் தவறாமல், அதே நாளில், தோளில் ஒரு குலை ஏத்தன்பழத்தோடு. எனக்கு அவரை நன்றாக ஞாபகம் இருக்கிறது. வெள்ளை முண்டு, நனைந்த குடை, யார் கண்ணையும் பார்க்காத கண். கூடத்தில் கூடுதலாக விழுந்திருக்கும் இலையைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிடுவார். ஒரு கிண்ணம் பாயசம் குடிப்பார், ‘வரட்டே’ என்பார், போய்விடுவார். இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும், பர்மாக்காரி விலாசம் உட்பட, நம்மிடம் மறைக்கிறான் என்பது அப்பாவின் கட்சி. பதினாறு வயதில் அப்பா ஒருமுறை அவர் பின்னாலேயே பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, “எங்கே இருக்கான், சொல்லும்” என்று சட்டையைப் பிடித்தாராம். அந்த மனிதர், பிடித்த கையை விடுவிக்காமலே நின்றாராம், பஸ் வருகிற வரைக்கும். அப்பா பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. நான் கல்லூரிக்குப் போகத் தொடங்கிய காலத்தில் அவர் வருவது நின்றது.

இப்போது வீட்டில் மூன்று பேர். எண்பத்திரண்டு வயது அப்பா, ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆன நான், கழக்கூட்டத்தில் ஐ.டி. கம்பெனிக்குப் போகிற என் மகள். அம்மா இல்லை. என் வீட்டுக்காரர் போயும் பத்து வருடம் ஆகிறது. மகள் படித்ததெல்லாம் மலையாளம். அவள் பேசுகிற தமிழைக் கேட்டால் திருநெல்வேலியில் இருக்கிற சொந்தங்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். ‘உன் பொண்ணு தமிழ்ல தப்புத் தப்பாப் பேசுதே’ என்று சொல்லாதவர்கள் இல்லை. நானும் அதற்காக அவளைத் திட்டாத நாள் இல்லை.

போன நாலாம் ஓணத்தன்று அடுக்களையில் அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நான் பாயசத்தைக் கிளறிக்கொண்டிருந்தேன். வெளியே ஓணத்து மழை, வெயிலும் தூறலும் ஒன்றாக, முற்றமெல்லாம் மஞ்சளாக இருந்தது. அவளுக்கு அந்தக் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆனால் ‘தப்பிச்சுட்டார்னு ஒருத்தர் வந்து சொன்னார்’ என்று முடித்துவிடுவேன். அன்றைக்கு என்ன தோன்றியதோ, துருவுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“அம்மா, அயாள் என்ன சொன்னார்? எக்ஸாக்டா?”

எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே, விக்க வேண்டிய இடத்தில் விக்கி, “தப்பி சேச்சி, குறே தப்பி” என்று நடித்துக் காட்டினேன்.

அவள் என்னையே பார்த்தாள். “அது மலையாளம் அல்லே?”

“மலையாளத்துக்காரர் பின்னே மலையாளம் பேசாம, ஜப்பானா பேசுவார்?”

“அப்போ தப்பின்னா தேடி. குறே தப்பின்னா, ரொம்பத் தேடினோம்னு. நேத்து நீதானேம்மா சொன்ன, என் ஸ்கூட்டர் சாவியைத் தப்பித் தப்பி மடுத்துப்போச்சுன்னு?”

பாயசம் அடிப்பிடித்த வாசனை வந்தது. ஐம்பத்தெட்டு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். பஸ்ஸில், ஆபீசில், மார்க்கெட்டில் மலையாளம்தான். பைலைத் தப்பியிருக்கிறேன், கண்ணாடியைத் தப்பியிருக்கிறேன், சில்லறையைத் தப்பியிருக்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் அந்தச் சொல் எனக்குத் தமிழாகவே கேட்டிருக்கிறது. மடியில் உட்கார்ந்து கேட்ட சொல்லை யார் அகராதி வைத்துப் பார்க்கிறார்கள்?

“சும்மா இரி,” என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். “பெரிய மலையாளப் பண்டிதை! வாயை மூடிட்டுத் தேங்காயைத் துருவு.” பாவம், அவள் மறுபடி துருவ ஆரம்பித்தாள். அன்றைக்கும் இலை விழுந்தது. அன்றைக்கும் அப்பா முணுமுணுத்தார். அடிப்பிடித்த பாயசத்தை ருசி பார்த்துவிட்டு, “தப்பிச்சவனுக்கு இது போதும்” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் நானாக இல்லை. மத்தியானம் கொஞ்சம் கண்ணை மூடினால் ஒரு மலைச்சரிவு வந்தது. ஆள் உயரப் புல். சத்தமே இல்லாத மழை. முண்டை மடித்துக் கட்டிய மனிதர்கள் புல்லை விலக்கி விலக்கிப் போய்க்கொண்டே, ‘தப்பி, தப்பி’ என்று யாரையோ கூப்பிடுகிறார்கள், அது ஒரு பேர் என்பதுபோல. நான் மேலே ரோட்டில் நிற்கிறேன். என் பக்கத்தில் உயரமாக ஒருவர், அவரும் என்னோடு நின்று கீழே பார்க்கிறார். திரும்பி அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயம். விழித்தால் மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கும், அடுத்த அறையில் அப்பா ரேடியோவைத் திட்டிக்கொண்டிருப்பார்.

விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இந்த வயதில் ஒரு மனிதரிடம் போய், உன் அப்பா செத்துவிட்டார், அதுவும் நீ தவழ்கிற காலத்திலேயே என்று சொல்வதா? பிரஷர் மாத்திரையில் ஓடுகிற உடம்பு. ஆனால் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் தெரிந்திருந்தது. தன்னைப் பெற்றவன் தன்னை வேண்டாமென்று விட்டுவிட்டுப் போனான் என்ற அந்த ஒரே நினைப்போடு அப்பா போய்ச் சேருவார். அவ்வளவு வருடமாக ஆறாத புண். அதை ஆற்றுகிற மருந்து என் கையில் இருக்கிறதா, இல்லை இது மகளின் வெறும் ஊகமா? அது தெரியாமல் வாயைத் திறக்க முடியாது.

என் கல்யாண அழைப்பு அனுப்புவதற்காக விலாசங்கள் எழுதிய பழைய நோட்டு அலமாரியில் இருந்தது. நெடுமங்காட்டு விலாசமும் அதில் இருந்தது. மகளின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். எங்கே போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லவில்லை. ஊர் தாண்டியதும் தூறலும் பனியும் வழியை மூடிவிட்டன. தூரத்தில் பொன்முடி இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமில்லை. ரப்பர் மரங்களுக்கு நடுவே வண்டி போய்க்கொண்டே இருந்தது. வீடே வராமல் போய்க்கொண்டே இருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது.

கதவைத் திறந்தவர் அவருடைய மகள். எழுபது வயது இருக்கும், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரியசாலையிலிருந்து வருகிறோம் என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது.

“அறிஞ்ஞோ?” என்றார். தெரிந்துவிட்டதா என்று.

அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு எல்லாம் முடிந்தது. மற்றதை அவர் மலையாளத்தில் மெல்ல மெல்லச் சொன்னார், தேய்ந்துபோன பாதையில் நடக்கிறவர்போல. மலைரோட்டில் மழை. எதிரே மண் சரிந்து கிடந்ததால் லாரியைப் பின்னோக்கி எடுக்க வேண்டியிருந்தது. தாத்தா ஸ்டியரிங்கில். கீழே இறங்கி நின்று ‘வரட்டும், வரட்டும்’ என்று கை காட்டியவர் இவருடைய அப்பா. நனைந்திருந்த ரோட்டோரம் அப்படியே பெயர்ந்தது. லாரி பள்ளத்தில் போனது. அடியில் வெள்ளம் புரண்ட ஆறு. கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு இறங்கித் தேடினார்கள். லாரியின் ஒரு கதவு மட்டும் கிடைத்தது.

“அதைச் சொல்லத்தான் அச்சன் அங்ஙோட்டு வந்தது. குறே தப்பி, கிட்டியில்லா என்று சொல்ல வந்தார். பாதி சொல்வதற்குள் சேச்சி சிரித்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார். அச்சன் கையில் குழந்தை.” பிறகு தன் அப்பா சொன்னதை அப்படியே சொன்னார்: “‘பாயசம் தந்நு. ஞான் குடிச்சு.’ அதுதான் தான் செய்த தப்பு என்பார். குடிக்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க முடியும் என்பார்.”

ஒவ்வொரு வருடமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் புறப்பட்டாராம். பஸ்ஸில் போகும்போது வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பாராம். அங்கே போனால் இலை விழுந்திருக்கும். பாயசக் கிண்ணத்தோடு வருகிறவளின் கழுத்தில் தாலி இருக்கும். அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று திரும்பிவிடுவாராம். ஆனால் ஆடி அமாவாசைக்கு, கர்க்கடக வாவு என்று மலையாளத்தில் சொல்கிற அந்த நாளில், ஆற்றங்கரையில் தன் அப்பன், பாட்டனுக்குப் பலி போட்ட கையோடு, நண்பன் பேரைச் சொல்லியும் ஓர் உருண்டை வைப்பார். சாதியும் வேறு, குலமும் வேறு. பூசாரி கேட்டால் ‘என்றெ சேட்டன்’ என்று சொல்லிவிடுவாராம். அவருக்குப் பிறகு இப்போது இந்த டீச்சர் வைக்கிறார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “சொல்லித் தொலைச்சிருக்கலாமே! ஒரு வார்த்தை! எங்கப்பாவோட வாழ்க்கையே போச்சே!” என்று தமிழில் கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். உடனே எனக்கு வெட்கமாகிவிட்டது. தாலியைக் கழற்றி வைப்பது என்ன என்று எனக்குத் தெரியும். இருபது வயதுப் பெண்ணின் கழுத்திலிருந்து அதைக் கழற்று என்று நான் சொல்லியிருப்பேனா?

திரும்பி வருகிற வழியில் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து அழுதேன். சின்ன வயதில் நான் பார்த்த பஸ் ஸ்டாண்டு ஆளும் கடற்கரை ஆளும் ஒவ்வொருவராக என்னை விட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். ஐம்பத்தெட்டு வயதில் தாத்தா செத்த துக்கத்துக்கு அழுதவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மகள் வண்டியை நிறுத்தி, “நான் பறயாம இருந்திருக்கலாம், அல்லே அம்மா?” என்றாள். “ஏட்டி, நீதான் சரியாக் கேட்டவ,” என்றேன். நாலு தலைமுறையில் அந்த மனிதரின் அழுகையைக் காது கொடுத்துக் கேட்டது அவள்தான், நாங்கள் கேலி செய்த அந்தக் கலப்புக் காதால்.

அப்பாவிடம் மறுநாள் மத்தியானம் சொன்னேன். சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் பேப்பரோடு இருந்தார். காதுக்கருவியைச் சரியாக மாட்டச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னேன். முதலில் எதிர்பார்த்ததுதான் நடந்தது.

“எனக்கு நீ மலையாளம் படிப்பிக்க வராத. கடையில எத்தனை வருஷம் மலையாளத்துல மாரடிச்சிருக்கேன்!”

பிறகு அந்த வாக்கியத்தைத் தானே சொல்லிப் பார்த்தார். முதலில் தன் அம்மா சொல்கிற மாதிரி. அப்புறம் கொஞ்சம் இடைவெளி விட்டு, கடையில் சுமைக்காரனிடம் பேசுகிற மாதிரி. மூன்றாவது முறை சொல்லும்போது குரல் வரவில்லை. வெளியே தூறிக்கொண்டிருந்தது. அவர் மழையைப் பார்க்கிறாரா, தூங்கிவிட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை.

“அப்போ,” என்றார் வெகுநேரம் கழித்து, “அவரு வர முடியாமத்தான் வரலையா?”

அவரு என்றார். “ஆமாப்பா,” என்றேன்.

“நாளைக்கு அங்க போகணும். வண்டிக்குச் சொல்லு.”

மறுநாள் காரில் கூட்டிப்போனோம். சலவைச் சட்டை, நெற்றியில் திருநீறு, ஏதோ கல்யாணத்துக்குப் போகிறவர்போல. டீச்சர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். சுவரில் மாட்டியிருந்த நெடுமங்காட்டுக்காரரின் போட்டோவை அப்பா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பதினாறு வயதில் தான் சட்டையைப் பிடித்த மனிதர். அதற்குக் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். டீச்சர் முழுவதையும் மறுபடி சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகு, அப்பா சரக்கு வாங்க வந்தவர்போல விசாரிக்கத் தொடங்கினார்.

“எத்தற திவசம் தப்பி?”

“மூணு திவசம்.”

“மழையத்தோ?”

“மழையத்து.”

“ஆரொக்கெ?”

“அச்சனும், கூடெ ஆறேழு பேரும். கயிறு கட்டித்தான் இறங்ஙியது. மூணாம் திவசம் ஆபீசர் வந்து, மதி, நிறுத்துங்கள் என்று சொல்லியும் அச்சன் கேறி வந்நில்லா. பிடித்து இழுத்துத்தான் மேலே கொண்டுவந்தார்களாம்.”

அப்பா தலையாட்டினார். டீச்சர் சாயா கொண்டுவந்து வைத்தார், அது ஆறியது. என் மகள் அப்பாவின் காலடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ரப்பர் மரங்களிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இனி நிம்மதியாக இருப்பார், விட்டுவிட்டுப் போகவில்லை என்று தெரிந்துவிட்டதே என்று நான் நினைத்தேன். அப்படித்தான் அவர் முகமும் இருந்தது, கொஞ்ச நேரத்துக்கு. பிறகு அவர் வாய் கோணியது. குழந்தை அழப்போகும்போது கோணுமே, அப்படி.

“மூணு நாள் தேடியிருக்கானுவ, மக்களே,” என்றார் என்னைப் பார்த்து. “ஒட்டும் இல்ல உறவும் இல்ல, கொட்டுற மழையில, கயிறைக் கட்டிக்கிட்டு. நான் அவரு பெத்த பிள்ளை. எண்பது வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள், எங்கப்பாவைத் தேடிப் போகணும்னு எனக்குத் தோணலையே.”